நான் சொல்லாமல் விட்ட பெயர்

மலர்க் குழுவைச் சேர்ந்த நண்பர்கள் இரண்டு மாதத்துக்கு முன்னால் போனில் பிடித்தார்கள். "சார், நீங்க நம்ம காலேஜ் பாட்டனி. முப்பது வருஷம் வாத்தியாரா வேற இருந்துட்டீங்க. ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார்கள். விடுதிச் சாப்பாடு, வார்டனிடம் மாட்டிக்கொண்ட கதை, கடைசி வருஷச் சுற்றுலா என்று எல்லாவற்றையும் மற்ற நண்பர்கள் என்னைவிட நன்றாக எழுதிவிடுவார்கள். ஆகவே ஒரு சரித்திரக் கதை சொல்கிறேன். அதில் என்னுடைய தவறு ஒன்றும் கலந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1973-லிருந்து 1976 வரை நான் இங்கே பி.எஸ்சி. தாவரவியல் படித்தேன். எங்கள் செட்டில் படித்தவர்களுக்கு வெங்காய வேர் பிராக்டிகல் மறந்திருக்காது. காலையிலேயே வேர் நுனியைக் கிள்ளி ஆல்கஹாலும் அசெட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் போட வேண்டும். பிறகு ஸ்லைடில் வைத்து, அசிட்டோகார்மைன் ஒரு சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சூடு காட்டி, கவர்ஸ்லிப்பை மூடி, கட்டை விரலால் ஒரே அமுக்கு. விரல் நகர்ந்தால் போச்சு! எல்லாம் சரியாக வந்தால் மைக்ராஸ்கோப்பில் சிவப்புச் சிவப்பாகக் குச்சிகள் தெரியும். அவைதான் குரோமோசோம்கள். வெங்காயத்துக்குப் பதினாறு. எனக்கு ஒரு தடவை பதினாலு வந்தது, இன்னொரு தடவை பதினெட்டு வந்தது. ரெக்கார்டு நோட்டில் மட்டும் ஒழுங்காகப் பதினாறு வரைந்து கையெழுத்து வாங்கிவிட்டேன்!

அந்தக் குச்சிகளை ஒழுங்காக எண்ணுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஓர் அம்மையாரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் எடவலத் கக்காட் ஜானகி அம்மாள். பிறந்தது 1897 நவம்பர் 4-ல், தலச்சேரியில். அன்றைக்கு அது சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. தகப்பனார் சப் ஜட்ஜ், செடிகொடிகளில் ஆர்வம் உள்ளவர். கூடப் பிறந்தவர்கள் ஏராளம். அந்த வீட்டுப் பெண்களுக்கு வரன் பார்த்துக் கல்யாணம் நடந்துகொண்டிருந்த காலத்தில், இந்தப் பெண் மட்டும் படிக்கிறேன் என்று சென்னைக்கு வந்தார். கடற்கரையில் இருக்கும் ராணி மேரிக் கல்லூரியில் படித்தார். பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ். 1921-ல் பட்டம் வாங்கி, மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். நம்மில் பலருக்கு அதோடு கதை முடிந்திருக்கும். உத்தியோகம் கிடைத்தாயிற்று, அப்புறம் என்ன?

அவருக்கு முடியவில்லை. 1924-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். போனது மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு, பார்பர் உதவித்தொகையில். இந்த உதவித்தொகை வந்த கதையைப் பழைய மாணவர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும். லீவை பார்பர் என்பவர் மிச்சிகனிலேயே படித்து, பிற்பாடு அதன் ஆட்சிக் குழுவிலும் இருந்தவர். ஆசியாவில் பயணம் செய்தபோது, மிச்சிகனில் மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பிய சீனப் பெண்கள் தங்கள் நாட்டில் செய்த வேலையைப் பற்றி அறிந்தார். ஆசியப் பெண்கள் தன் கல்லூரிக்கு வந்து மேல்படிப்புப் படிக்கட்டும், படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி உழைக்கட்டும் என்று பணம் கொடுத்தார். ஒரு பழைய மாணவர் கொடுத்த பணம், அவர் முகமே அறியாத ஒரு மலபார்ப் பெண்ணைக் கடல் கடக்க வைத்தது.

அன்றைக்கு மரபியல் என்பது எவ்வளவு புதிய படிப்பு என்று இன்றைய மாணவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். மெண்டலின் பட்டாணி ஆராய்ச்சியை உலகம் மறுபடி கண்டுபிடித்தது 1900-ல். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்கன் வெள்ளைக் கண் பழ ஈயைப் பார்த்தது 1910-ல். டி.என்.ஏ.வின் முறுக்கேணி வடிவம் தெரிய 1953 வரை காத்திருக்க வேண்டும். மனிதனுக்கு எத்தனை குரோமோசோம் என்பதுகூடச் சரியாகத் தெரியாது. நாற்பத்தெட்டு என்றே ரொம்ப நாள் புத்தகங்களில் இருந்தது. நாற்பத்தாறுதான் என்று ஜியோவும் லெவானும் சரியாக எண்ணிச் சொன்னது 1956-ல்! ஆகவே 1920-களில் மரபியல் முதுகலைப் படிப்புக்குப் போகிறேன் என்றால், புத்தகம் இல்லாத பாடத்துக்குப் போகிறேன் என்று அர்த்தம்.

மிச்சிகனில் தாவரவியல் துறையில் ஹார்லி ஹாரிஸ் பார்ட்லெட் இருந்தார். ஈனோதீரா என்னும் செடியின் திடீர் மாற்றங்களைப் பற்றி ஆராய்ந்து பெயர் வாங்கியவர். அவரிடம்தான் ஜானகி அம்மாள் பயின்றார். முதுகலை முடித்து, சென்னைக்கு வந்து பழைய கல்லூரியில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, மறுபடியும் மிச்சிகன் போய், 1931-ல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று அவரைச் சொல்வார்கள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட செடி நிக்காண்ட்ரா. நம்ம கத்திரி, தக்காளி, சுண்டைக்காய்க் குடும்பம்தான். நீலப் பூப் பூக்கும், காயால் சமையலுக்குப் பிரயோஜனம் இல்லை. "இதைப் போய் வருஷக்கணக்கா எண்ணணுமா?" என்று யாரும் கேட்கலாம். பூமொட்டைக் கீறி, மகரந்தத் தாய் செல்களை எடுத்து, சாயம் ஏற்றி, அவை பிரியும்போது ஒவ்வொரு குச்சியும் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். பத்து செல் பார்த்தால் போதாது. நூற்றுக்கணக்கில் பார்த்து, ஒவ்வொன்றையும் கையால் வரைய வேண்டும்.

இந்தச் செடியின் குரோமோசோம்களில் ஒரு ஜோடி மற்றவற்றைப் போல் இல்லை. அளவில் சிறியது, செல் பிரியும்போது அதன் நடத்தையும் தனி. சில செடிகளுக்கு 20, சிலவற்றுக்கு 19 என்று எண்ணிக்கை மாறுகிறது. பதினாலு வருஷம் கழித்து, 1945-ல், இங்கிலாந்தில் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் இதைப் பற்றி மறுபடி எழுதினார். 20 உள்ள விதைகள் சீக்கிரம் முளைக்கின்றன, 19 உள்ளவை தாமதித்து முளைக்கின்றன. ஒரே செடியின் விதைகளில் கொஞ்சம் இப்போது, கொஞ்சம் பிறகு என்று பிரிந்து முளைத்தால், ஒரு மழை பொய்த்தாலும் வம்சம் அழியாது அல்லவா? நம் பாட்டிமார் விதைநெல்லை ஒரே நாளில் விதைக்காமல் கொஞ்சம் எடுத்து வைப்பார்களே, அந்தப் புத்திதான்! பட்டத்துக்காக எண்ணிய குச்சிகள் பதினாலு வருஷம் கழித்து அர்த்தம் சொல்லின. முனைவர் படிப்பு என்பது பலருக்கு இப்படித்தான். படிக்கும்போது பலன் தெரியாது.

பட்டத்தோடு திரும்பியவர் திருவனந்தபுரத்தில் 1932 முதல் 1934 வரை பேராசிரியையாக இருந்தார். பிறகு வந்தது நம்ம கோயம்புத்தூருக்கு, கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு.

இந்த நிலையத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1912-ல் தொடங்கியது. முதலில் பொறுப்பேற்றவர் பார்பர் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலாளர் (உதவித்தொகை பார்பர் வேறு, இவர் வேறு). அவரோடு சேர்ந்து உழைத்து, பிற்பாடு தலைமை ஏற்றவர் டி.எஸ். வெங்கட்ராமன். வட இந்தியாவின் குளிருக்கும் வறட்சிக்கும் தாங்கும் கரும்பு மெல்லிசாக இருக்கும், சர்க்கரையும் குறைவு. தித்திப்பான தடிக் கரும்போ அங்கே தாங்காது. தடிக் கரும்பையும் 'நாணல்' வகையைச் சேர்ந்த காட்டுக் கரும்பையும் ஒட்டினார்கள். அப்படிப் பிறந்து 1918-ல் வெளிவந்ததுதான் புகழ்பெற்ற கோ 205. 'கோ' என்றால் கோயம்புத்தூர். வடக்கே எத்தனையோ ஜில்லாக்களில் நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய கரும்பு விளைந்தது.

இதில் குரோமோசோம் எங்கே வருகிறது? தடிக் கரும்புக்கு 80 குரோமோசோம். கோயம்புத்தூர்க் காட்டுக் கரும்புக்கு 64. சாதாரணக் கணக்குப்படி பிள்ளைக்குத் தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி. 40-உம் 32-உம் சேர்ந்து 72 வர வேண்டும். ஆனால் எண்ணிப் பார்த்தால் 112! தாய்க் கரும்பு பாதியைக் கொடுக்காமல் தன் 80-ஐயும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுகிறது. அதோடு தகப்பனின் 32. அதனால்தான் பிள்ளையில் தாயின் தித்திப்பு தூக்கலாக நிற்கிறது. எந்தத் தாவரத்தோடு எதை ஒட்டினால் என்ன வரும் என்பதைக் குருட்டாம்போக்கில் செய்யாமல், கணக்குப் பார்த்துச் செய்ய இந்த எண்ணிக்கை வேண்டும். குரோமோசோம் எண்ணத் தெரிந்த ஆள் கரும்பு நிலையத்துக்குத் தேவைப்பட்டது இதனால்தான்.

1934 முதல் 1939 வரை அந்த வேலையைச் செய்தவர் ஜானகி அம்மாள். கரும்பையும் மூங்கிலையும் சேர்த்துப் பெற்ற கலப்பினங்களின் குரோமோசோம்களை எண்ணினார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் ஒட்டினார். 1938-ல் 'நேச்சர்' பத்திரிகையில் இவை வெளிவந்தன. 1935-ல் இந்திய அறிவியல் அகாதமி அவரை ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. ஆனாலும் வேலை செய்த இடத்தில் நிம்மதி இல்லை. தனித்து வாழும் பெண் என்பதாலும் சாதியாலும் அவருக்கு இடைஞ்சல்கள் இருந்தன என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள்.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த சர்வதேச மரபியல் மாநாட்டுக்குப் போனார். அங்கே இருக்கும்போதே உலக யுத்தம் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். குண்டு விழுந்துகொண்டிருந்த லண்டனில், ஜான் இன்னஸ் நிலையத்தில் டார்லிங்டனோடு வேலை. இருவரும் சேர்ந்து எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் 1945-ல் வந்தது. எந்தப் பயிருக்கு எத்தனை குரோமோசோம் என்று அடுக்கிச் சொல்லும் அந்தப் புத்தகம் உலகமெங்கும் பயிர் விஞ்ஞானிகளின் மேஜைக்குப் போனது. பிறகு விஸ்லியில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்தில் வேலை. நம்ம செங்காந்தள் விதையிலும் இருக்கிற கால்ச்சிசின் என்னும் நஞ்சை மக்னோலியா நாற்றுகளுக்குக் கொடுத்து, குரோமோசோமை இரட்டிப்பாக்கினார். அந்த மக்னோலியாவில் ஒன்றுக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள்.

நேருவின் அழைப்பின் பேரில் 1951-ல் இந்தியா திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1956-ல் மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் பழைய மாணவியை அழைத்து கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1977-ல் பத்மஸ்ரீ. வயதான காலத்திலும் சும்மா இருக்கவில்லை. சைலண்ட் வேலிக் காடு அணைக்குள் மூழ்கக் கூடாது என்று குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1970 முதல் கடைசி வரை சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்தில் வேலை பார்த்தார். 1984 பிப்ரவரி 7-ல் காலமானார். அப்போது வயது 86. அதுவரை வேலை நிற்கவில்லை.

மதுரவாயல்! இந்த இடத்தில்தான் எனக்கு வலிக்கிறது.

1976-லிருந்து 1978 வரை நான் சென்னையில் எம்.எஸ்சி. படித்தேன். ஊருக்குப் போக மாதம் ஒரு தடவை காஞ்சிபுரம் பஸ். கோயம்பேடு தாண்டி, மதுரவாயல், பூந்தமல்லி என்று போகும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு அந்த வழியாக எத்தனை தடவை போயிருப்பேன்! மரபியல் விருப்பப் பாடம் வேறு எடுத்திருந்தேன். ரோட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் விஷயத்தை உலகத்துக்கே எண்ணிக் கொடுத்தவர் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய தவறு பிறகு நடந்தது. நான் ஆசிரியராகி, வருஷா வருஷம் கரும்புப் பாடம் நடத்தினேன். பார்பர் பெயரைச் சொன்னேன், வெங்கட்ராமன் பெயரைச் சொன்னேன். அந்த 112 கணக்கைப் போர்டில் போட்டுக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். ஜானகி அம்மாள் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. நோட்ஸில் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

1991-ல் என் மாணவி ஒருத்தி, வகுப்பிலேயே முதல் மார்க், ஒரு விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மரபியல் மேல்படிப்பு. என்னிடம் சிபாரிசுக் கடிதம் வேண்டும்.

"எத்தனை வருஷம்மா?"

"அஞ்சாறு வருஷம் ஆகும் சார். ஃபீஸ் இல்ல, மாசா மாசம் அவங்களே பணம் கொடுப்பாங்க."

"பொம்பளப் புள்ள, அவ்வளவு தூரம் தனியாப் போய் என்ன பண்ணப் போறே? பேசாம பி.எட். முடிச்சிடு. லோக்கல்லயே வேலை கிடைக்கும்."

கடிதம் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. "அப்பாவைக் கேட்டுட்டு வா, பார்க்கலாம்" என்றேன். அவள் மறுபடி வரவில்லை. நான் நல்லதுதான் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் பி.எட். படித்தாள். இன்று ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை, நல்ல பெயர் வாங்கியிருக்கிறாள். சில வருஷம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. மகளுக்கு மரபியல் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆசீர்வாதம் வேண்டும் என்றாள். பேச்சோடு பேச்சாக, "சார், ஜானகி அம்மாள்னு ஒருத்தரைப் பத்தி எம் பொண்ணு படிச்சுட்டுச் சொன்னா. நம்ம கோயம்புத்தூர்ல இருந்தவங்களாமே? நீங்க கரும்புப் பாடம் நடத்தினப்போ இவங்க பேரைச் சொல்லவே இல்லியே சார்?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. 1924-லேயே ஒருத்தி போனாள், பட்டம் வாங்கினாள், திரும்பி வந்தாள் என்று அந்த 1991-ல் எனக்குத் தெரிந்திருந்தால், நான் "என்ன பண்ணப் போறே?" என்று கேட்டிருப்பேனா? அந்தப் பெண்ணுக்காவது தெரிந்திருந்தால், "சார், ஜானகி அம்மாள் போகலியா?" என்று திருப்பிக் கேட்டிருப்பாள் அல்லவா? ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டால் என்ன நஷ்டம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதன் பிறகு தேடித் தேடிப் படித்தவற்றைத்தான் மேலே எழுதினேன். பெயர் மறைவது என்பது ஒரே நாளில் யாரோ திட்டம் போட்டுச் செய்வது இல்லை. அந்த அட்லஸ் 1955-ல் விரிவாகி மறுபடி வந்தபோது டார்லிங்டனோடு அட்டையில் இருந்தது வேறொருவர் பெயர். அப்புறம் என் மாதிரி வாத்தியார்கள் நோட்ஸில் இல்லை என்று விட்டோம். இப்படித்தான் மறைகிறது. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. தாவர வகைப்பாட்டியலுக்கான தேசிய விருதுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். விரிவான வாழ்க்கை வரலாறு வந்திருக்கிறது. கொடைக்கானலில் உருவான ஒரு மஞ்சள் ரோஜாவுக்கும் அவர் பெயர்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மரபியலில் முனைவர் படிப்பு என்றால் ஐந்தாறு வருஷம் போகும். பாதி நாள் சோதனை தப்பும். கூடப் படித்தவர்கள் வீடு கட்டிக் கிரகப்பிரவேசப் பத்திரிகை அனுப்பும்போது நீங்கள் ஸ்லைடைக் கழுவிக்கொண்டிருப்பீர்கள். அதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "உன்னால என்ன பண்ண முடியும்?" என்று யாராவது கேட்டால், அது நானாகவே இருந்தாலும், நிக்காண்ட்ராவின் பத்தொன்பதாவது குச்சியை ஞாபகப்படுத்துங்கள்.

பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நமக்கு லீவை பார்பர் அளவுக்கு வசதி இல்லை. ஆனால் வெளியூர்ப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் கட்டணமும் நுழைவுத் தேர்வுக் கட்டணமும் கட்ட முடியாமல் நின்றுபோகும் பிள்ளைகள் நம் கல்லூரியில் இருக்கிறார்கள். அதற்கென்று சங்கத்தில் ஒரு சின்ன நிதி தொடங்கலாம் என்று செயலாளரிடம் சொல்லி, என் ஒரு மாத ஓய்வூதியத்தை முதல் தொகையாகக் கொடுத்திருக்கிறேன். சேர்ந்துகொள்ள விரும்புகிறவர்கள் விழாவன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் பழைய பாட்டனி லேபுக்கு வாருங்கள். வெங்காய வேர் தயாராக இருக்கும். இந்தத் தடவை பதினாறையும் ஒழுங்காக எண்ணிப் பார்ப்போம்.